ராணுவத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு மன்றம்

தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் நேரம் போதாமல் நான் பாதியில் நிறுத்திய பேச்சை இந்தப் பக்கத்தில் முழுமையாகச் சொல்ல வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. அன்று நாங்கள் எடுத்துக்கொண்ட தலைப்பு: "ராணுவத்துக்கு எதற்கு மக்கள் தொடர்பு?"

முதலில் ஒரு சிறிய சம்பவம்.

என் தம்பி தேசிய சேவையில் சேர்ந்த நாள். சாங்கியிலிருந்து புலாவ் தெக்கோங் தீவுக்குப் படகில் போனோம். அம்மா, அப்பா, நான், தம்பி. எங்களைப் போலவே நூற்றுக்கணக்கான குடும்பங்கள். பையன்கள் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். படுக்கும் அறையைக் காட்டினார்கள். பிறகு முகாம் உணவுக்கூடத்தில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டோம்.

சாப்பாடு முடிந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓர் அதிகாரியிடம் போனார். "இவன் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஒரு தடவை வெயிலில் மயங்கி விழுந்தவன். இங்கே வெயிலில் ஓடச் சொல்வீர்களே, என்ன செய்வீர்கள்?" அம்மா தமிழில் கேட்டார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அந்த இளைஞர் பொறுமையாகப் பதில் சொன்னார். பயிற்சிக்கு முன் உடல் வெப்பம் பார்ப்பார்கள். வெக்கை கூடினால் ஓய்வு நேரத்தையும் கூட்டுவார்கள். எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ஒன்றாகத் தண்ணீர் குடிக்க வைப்பார்கள் என்றார். "தண்ணீர் குடிக்கவும் கட்டளையா!" என்று அம்மா சிரித்துவிட்டார்.

ஆனால் திரும்பி வரும் படகில் அம்மா சிரிக்கவில்லை. "ஏம்மா, அந்தத் தம்பி நல்ல பிள்ளைதான். நான் கேட்டதை எங்கேயாவது எழுதி வைப்பாரா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பல ஆண்டுகள் கழித்து, கலந்துரையாடலுக்காகக் குறிப்பெடுக்கும்போது அந்தக் கேள்வி மறுபடியும் என் முன்னால் வந்து நின்றது. பெற்றோர் கேட்பதை எழுதி வைத்து, மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்றே ஓர் அமைப்பு நம் நாட்டில் உண்டு. நம்மில் பலர் அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை.

சீருடை அணியாத ஆலோசகர்கள்

அதன் பெயர், தற்காப்புக்கான சமூக உறவு ஆலோசனை மன்றம். சுருக்கமாக 'அக்கார்ட்' என்பார்கள். 1984ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. உறுப்பினர்கள் ராணுவத்தின் ஊழியர்கள் அல்லர். தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டே இதற்கும் நேரம் ஒதுக்கும் முதலாளிகள், கல்வியாளர்கள், சமூகத்தில் பணியாற்றுபவர்கள்.

அவர்களுடைய பணி இரண்டு வகைப்படும். தேசிய சேவையைப் பற்றியும் தற்காப்பைப் பற்றியும் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைத் தற்காப்பு அமைச்சிடம் சொல்வது ஒன்று. ராணுவம் ஏன் இப்படிச் செய்கிறது என்பதை மக்களிடம் விளக்குவது மற்றொன்று.

இதைக் கேட்டதும், "இது விளம்பர வேலைதானே?" என்று கலந்துரையாடலில் ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

கேட்காமல் கொண்டுவந்த சட்டம்

கட்டாய ராணுவ சேவை 1967ல்தான் சிங்கப்பூருக்கு வந்தது என்று பலர் நினைக்கிறோம். அதற்கு முன்பே, 1954ல், பிரிட்டிஷ் அரசு தேசிய சேவைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தங்களுக்கு வாக்கே இல்லாத ஓர் அரசுக்காக ஏன் துப்பாக்கி ஏந்த வேண்டும் என்று சீனப் பள்ளி மாணவர்கள் எதிர்த்தார்கள். அந்த ஆண்டு மே 13ஆம் தேதி மாணவர்களும் போலிசாரும் மோதிக்கொண்டார்கள். நம் வரலாற்றில் அழியாத தடம் பதித்த நாள் அது.

1965ல் நாடு தனித்து நின்றபோது நம்மிடம் இருந்தவை இரண்டு காலாட்படைப் பட்டாளங்கள் மட்டுமே. அதிகாரிகளை உருவாக்க ஒரு பயிற்சிக் கழகம் தேவைப்பட்டது. 'சஃப்டி' எனப்படும் சிங்கப்பூர் ஆயுதப் படைப் பயிற்சிக் கழகம் 1966ல் தொடங்கப்பட்டபோது அதற்குச் சொந்தக் கட்டடம்கூட இல்லை. பாசிர் லாபாவில் இடம் தயாராகும்வரை ஜூரோங்கில் ஒரு தொடக்கப்பள்ளியில்தான் வேலை தொடங்கியது. முதல் அணி அதிகாரிகள் 1967ல் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள்.

அதே ஆண்டு மார்ச் 14ஆம் தேதி தேசிய சேவைத் திருத்தச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1949ஆம் ஆண்டின் முதல் பாதியில் பிறந்த சுமார் 9,000 இளைஞர்கள் பதிந்துகொண்டார்கள். அவர்களில் 900 பேர் முழுநேர சேவைக்கு எடுக்கப்பட்டு, ஆகஸ்ட் 17 முதல் முகாமுக்குப் போனார்கள்.

1954ல் வெடித்த எதிர்ப்பு 1967ல் அந்த அளவுக்கு வெடிக்கவில்லை. காரணங்கள் பல. நாடு சொந்த நாடாகிவிட்டது என்பது முதல் காரணம். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. இம்முறை அரசாங்கம் சட்டத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தொகுதிக்குத் தொகுதி, சமூக நிலையங்களில் இளைஞர்களுக்கு வழியனுப்பு விருந்து நடத்தினார்கள். வட்டாரத் தலைவர்களும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் முன்னால் நின்றார்கள்.

நல்ல வீட்டுப் பிள்ளை சிப்பாயாகப் போவதா என்ற எண்ணம் சீனக் குடும்பங்களில் வேரூன்றியிருந்த காலம் அது. அந்த எண்ணத்தைச் சட்டப் புத்தகத்தால் மாற்ற முடியாது. பக்கத்து வீட்டு அங்கிள் வந்து தோளில் தட்டிக்கொடுத்தால் மாறலாம்.

சீருடை அணியாதவர் சீருடைக்காகப் பேசும் வழக்கம், நம் நாட்டில் அந்த விருந்துகளிலேயே தொடங்கிவிட்டது என்பது என் கருத்து. அதற்கு ஒரு நிலையான மன்றம் கிடைத்தது 17 ஆண்டுகள் கழித்து.

1984: ஒரே ஆண்டில் மூன்று

1984ல்தான் முழுமைத் தற்காப்பு என்ற கொள்கையும் அறிமுகமானது. ராணுவம், குடிமை, பொருளியல், சமூகம், மனோவியல் என ஐந்து தூண்கள் அப்போது வகுக்கப்பட்டன. ஆறாவதாக மின்னிலக்கத் தற்காப்பு 2019ல் சேர்ந்தது. துப்பாக்கி ஏந்துபவர் மட்டும் நாட்டைக் காப்பதில்லை, எல்லாருக்கும் பங்கு உண்டு என்று ஓர் அரசாங்கம் சொல்லிவிட்டால், எல்லாரிடமும் பேசுவதற்கு ஒரு வழியும் வேண்டும் அல்லவா? அக்கார்ட் அதே ஆண்டில் பிறந்ததன் பொருத்தம் இதுதான்.

மூன்றாவதாக ஒன்று. நான் மக்கள் தொடர்புத் துறையில் பட்டயக் கல்வி பயின்றபோது எங்கள் ஆசிரியர் ஓயாமல் சொன்ன ஒரு நூல் உண்டு. ஜேம்ஸ் குருனிக், டாட் ஹன்ட் என்ற இரு அமெரிக்கர்கள் எழுதியது. அதுவும் 1984ல்தான் வெளிவந்தது. இது தற்செயல்தான். ஆனாலும் நம் பேச்சுக்கு உதவும்.

மக்கள் தொடர்பை அவர்கள் நான்கு வகையாகப் பிரித்தார்கள். முதல் வகை, எப்படியாவது கவனத்தை இழுப்பது; தமுக்கடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, உண்மையான தகவலை மக்களுக்குச் சொல்வது. ஆனால் அதுவும் ஒருவழிப் பாதைதான். மூன்றாவது, மக்கள் மனத்தை ஆராய்ந்து அறிவது. ஆனால் நம் பக்கம் அவர்களை இழுப்பதற்காக மட்டும் அறிவது. நான்காவது, மக்கள் சொல்வதைக் கேட்டுத் தானும் மாறத் தயாராக இருப்பது.

விளம்பரமா என்று கேட்ட நண்பருக்கு என் பதில் இங்கே இருக்கிறது. மன்றம் முதல் மூன்று வகையோடு நின்றால் அவர் சொல்வது சரி. நான்காவது வகையை எட்டினால்தான் அது ஆலோசனை மன்றம்.

எப்படி வேலை செய்கிறது?

தேசிய சேவையை வலுப்படுத்த 2013ல் ஒரு குழு அமைக்கப்பட்டது. தற்காப்பு அமைச்சராக இருந்த டாக்டர் இங் எங் ஹென் அதற்குத் தலைமை தாங்கினார். 2014ல் அக்குழு முன்வைத்த 30 பரிந்துரைகளை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. பெண்களும் நிரந்தரவாசிகளும் சேரக்கூடிய ஆயுதப் படைத் தொண்டூழியப் பிரிவு அப்படி வந்ததுதான். அதன் முதல் அணி 2015ல் பயிற்சியைத் தொடங்கியது.

அக்கார்ட் மன்றமும் 2014ல் விரிவடைந்து மூன்று பிரிவுகளானது. முதலாளிகள், வர்த்தகர்களுக்கு ஒன்று. கல்வி நிலையங்களுக்கு ஒன்று. குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் ஒன்று. ஏன் இந்த மூன்று? ஒரு தேசிய சேவையாளர் வாழ்க்கையில் கடக்கும் வாசல்கள் இவைதாம். பள்ளியிலிருந்து போகிறார். வீட்டிலிருந்து போகிறார். பிறகு வேலையிலிருந்து போகிறார்.

வேலை விஷயத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டாண்டு முழுநேர சேவையோடு கடமை முடிவதில்லை. பொதுவாக 40 வயது வரையிலும், அதிகாரிகளாக இருந்தால் 50 வயது வரையிலும் மீண்டும் பயிற்சிக்கு அழைக்கலாம். நம் வீடுகளில் 'ரிசர்விஸ்ட்' என்று சொல்வது இதைத்தான். நான்கு பேர் வேலை செய்யும் ஒரு சிறிய கடையில் ஒருவர் இரண்டு வாரம் முகாமுக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? அந்த நாள்களுக்கான சம்பள இழப்பை அரசாங்கம் ஈடுசெய்கிறது. ஆனால் ஆள் பற்றாக்குறையைப் பணத்தால் ஈடுசெய்ய முடியாது. பயிற்சித் தேதியைச் சொன்னதும் மேலாளரின் முகம் மாறுவதைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

தளபதி ஒருவர் அந்த முதலாளியிடம் போய்ப் பேசினால் அவர் "சரி சார்" என்று மட்டும் சொல்வார். இன்னொரு முதலாளி போனால்தான் "இந்த மாதம் அழைத்தால் எனக்குக் கஷ்டம்" என்று மனம் திறப்பார். சீருடை அணியாதவர்களை மன்றத்தில் வைப்பதன் முழு நியாயமும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. தேசிய சேவைக்கு ஆதரவு தரும் நிறுவனங்களை அடையாளங்காட்ட 2016ல் தொடங்கப்பட்ட முத்திரைத் திட்டத்தையும் இதே வரிசையில் வைத்துப் பார்க்கலாம்.

மன்ற உறுப்பினர்கள் பயிற்சித் தளங்களுக்கும் போய்ப் பார்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் நடக்கும் 'வாலபி' பயிற்சிக்கும் போயிருக்கிறார்கள். முழுச் சிங்கப்பூரைவிடப் பெரிய நிலப்பரப்பில் நம் பிள்ளைகள் பயிற்சி செய்வதைக் கண்ணால் பார்த்தவர், தம் கடை ஊழியரின் ரிசர்விஸ்ட் கடிதத்தை வேறு கண்ணோடு பார்ப்பார்.

மன்றத்தால் முடியாதவை

குறைகளைச் சொல்லாவிட்டால் நானும் விளம்பரம் செய்தவளாகிவிடுவேன்.

அக்கார்ட் மன்றத்துக்குத் தலைமை தாங்குபவர் தற்காப்பு அமைச்சின் அரசியல் பதவி வகிப்பவர். அது ஆலோசனை மன்றம். கட்டளையிட அதற்கு அதிகாரம் இல்லை. சொன்னதை அமைச்சு ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். அமைச்சர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் சொன்னது உடனே காதில் விழும் என்பது நன்மை. அமைச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கசப்பானதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும் என்பது சிரமம். இரண்டும் உண்மை.

வெளிநாட்டில் எப்படி? அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்விக்கழகம் 1802ல் தொடங்கப்பட்டது. அதற்கு 'பார்வையாளர் மன்றம்' என்ற ஒன்று சட்டப்படி உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர்களும், அதிபர் நியமிக்கும் ஆறு பேரும் அதில் இருக்கிறார்கள். மாணவர்களின் மனவுறுதி, ஒழுங்கு, பாடத்திட்டம், பணவிவகாரம் ஆகியவற்றைப் பார்த்து அதிபருக்கு அறிக்கை தர வேண்டும். கடற்படைக்கும் விமானப் படைக்கும் இதே போன்ற மன்றங்கள் இருக்கின்றன.

சட்டத்தில் எழுதிவைத்திருப்பதால் நம்முடையதைவிட வலுவானதாகத் தோன்றும். ஆனால் நடந்ததைப் பாருங்கள். முந்தைய அதிபர் நியமித்தவர்களை 2021ல் அதிபர் பைடன் பதவி விலகச் சொன்னார். 2025ல் அதிபர் டிரம்ப் இந்த மன்றங்களைக் கலைத்து உறுப்பினர்களை நீக்கினார். யார் செய்தது சரி என்பது நம் பேச்சல்ல. நியமித்தவர் நினைத்தால் நீக்கலாம் என்றால், அந்த மன்றத்தின் குரல் யாருடைய குரல் என்ற சந்தேகம் மக்களுக்கு வரும். எந்த நாட்டு ஆலோசனை மன்றமும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

சோதனை வந்த நேரம்

நம் நாட்டில் அந்தச் சோதனை 2018, 2019ஆம் ஆண்டுகளில் வந்தது. 2018 ஏப்ரலில் தேசிய சேவையாளர் ஒருவர் வெப்பத்தாக்கத்துக்குப் பிறகு உயிரிழந்தார். அதே ஆண்டு நவம்பரில் பயிற்சியின்போது வாகன விபத்தில் இன்னொருவர் இறந்தார். 2019 ஜனவரியில், நியூசிலாந்தில் பயிற்சியில் காயமடைந்த நடிகர் அலோஷியஸ் பாங் காலமானார். அவர் தம் ரிசர்விஸ்ட் கடமையைச் செய்துகொண்டிருந்தவர்.

அந்த ஜனவரியில் நாடே துக்கத்தில் இருந்தது. அம்மா செய்தியைப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் தம்பிக்குத் தொலைபேசியில் அழைத்தார். "சாப்பிட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டார். அப்படி எத்தனை வீடுகளில் எத்தனை தாய்மார்கள் அழைத்திருப்பார்கள்!

அந்த நேரத்தில் எந்த மக்கள் தொடர்பு ஆலோசகராலும் வார்த்தையால் ஆறுதல் சொல்லியிருக்க முடியாது. சொல்லவும் கூடாது. அப்போது தேவைப்பட்டவை வேறு: பயிற்சியை நிறுத்திப் பார்ப்பது, விசாரிப்பது, தெரிந்ததை வெளியே சொல்வது, மாற்றுவது. பயிற்சிகள் நிறுத்திவைக்கப்பட்டன. விசாரணைக் குழு அமைந்தது. பாதுகாப்பைக் கண்காணிக்க, தற்காப்புப் படைத் தலைவரிடம் நேரடியாகப் பொறுப்பு ஏற்கும் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2019ல் உருவானது. வெளியாட்கள் அடங்கிய பாதுகாப்பு மறுஆய்வுக் குழு 2013லிருந்தே இருந்து வருகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். மறுஆய்வுக் குழு பாதுகாப்பைப் பார்க்கிறது. விசாரணைக் குழு நடந்ததைப் பார்க்கிறது. சமூக உறவு மன்றம் நம்பிக்கையைப் பார்க்கிறது. முதல் இரண்டும் ஒழுங்காக நடக்காவிட்டால் மூன்றாவதால் ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே பிழை இருக்கும்போது வெளியே பேச்சால் மூடினால், அடுத்த முறை உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். மக்கள் தொடர்பு என்ற தொழிலின் முதல் பாடமே இதுதான்.

நம் வீடுகளுக்கு என்ன?

1967லிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேசிய சேவை செய்திருக்கிறார்கள். நம் தமிழ்க் குடும்பங்களிலும் தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை கண்டாயிற்று. அணிவகுப்புத் திடலில் 'செடியா' என்ற மலாய்க் கட்டளைக்கு விறைத்து நிற்கும் நம் பிள்ளை, வீட்டுக்கு வந்ததும் தோசை கேட்கிறான். முகாமில் சைவ உணவும் முஸ்லிம் உணவும் தனித்தனியே தருகிறார்கள். இந்த வசதிகளைப் பற்றி நமக்குத் தெரியும்.

ஆனால் கேள்வி கேட்கும் பழக்கம் நம்மிடம் எவ்வளவு இருக்கிறது? என் அம்மா கேட்டதற்குக் காரணம், பக்கத்தில் மொழிபெயர்க்க நான் இருந்தேன். மொழி தயங்க வைக்கிறது. "ராணுவ விஷயம், நாம் என்ன கேட்பது?" என்ற எண்ணமும் தயங்க வைக்கிறது. கேட்காத வீட்டின் கவலை எந்த மன்றத்துக்கும் போய்ச் சேராது.

எனவே சில யோசனைகள். பிள்ளை சேரும் நாளில் பெற்றோரை அழைத்தால் கட்டாயம் போங்கள். அரை நாள் விடுப்பு எடுத்தாவது போங்கள். உடல்நலம் பற்றிய எதையும் மருத்துவப் பரிசோதனையில் மறைக்க வேண்டாம். "வீரனுக்கு அழகில்லை" என்று பிள்ளை மறைத்தாலும் நீங்கள் சொல்லுங்கள். கேள்வியைத் தமிழில் எழுதிக்கொண்டு போங்கள். மகளோ மருமகளோ மொழிபெயர்க்கட்டும். பிள்ளை மனம் சோர்ந்து தெரிந்தால், ஆயுதப் படையின் ஆலோசனைத் தொலைபேசிச் சேவை இருப்பதை நினைவூட்டுங்கள். தொழில் நடத்துபவராக இருந்தால், உங்கள் சிரமத்தை முணுமுணுப்போடு விட்டுவிடாமல் முறையாகத் தெரிவியுங்கள்.

மன்றத்தில் இருக்கும் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். மேடையில் பேசும் ஆங்கிலம் தெரிந்த பெற்றோரோடு நின்றுவிடாதீர்கள். உணவுக்கூடத்தின் ஓரத்தில் பையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கும் தாயிடமும் போய்க் கேளுங்கள். கேட்டதோடு நிற்காமல், என்ன ஆயிற்று என்று திரும்பி வந்து சொல்லுங்கள்.

என் தம்பி நல்லபடியாகச் சேவை முடித்தான். இப்போது அவன் ரிசர்விஸ்ட் போகும்போதெல்லாம் அம்மா தண்ணீர்ப் புட்டியை எடுத்து வைக்கிறார். "அங்கே கட்டளை போட்டே குடிக்க வைப்பார்கள் அம்மா" என்று அவன் சிரிப்பான். கலந்துரையாடல் ஒளிபரப்பான இரவு, மன்றத்தைப் பற்றி அம்மாவிடம் விவரமாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இருக்கட்டும், நல்லதுதான். எழுதி வைத்தால் மட்டும் போதாது. அதை யாராவது படிக்கவும் வேண்டும்."

அக்கார்ட் மன்றத்துக்கு இதைவிடச் சிறந்த ஆலோசனையை என்னால் சொல்ல முடியாது.